கடிக்கிற ஒயர்

காலையில் ஷட்டரைத் தூக்கியதும் அண்ணி செய்கிற முதல் வேலை சாமி படத்துக்கு ஊதுபத்தி கொளுத்துவதல்ல. தோளில் முந்தானையைப் பிடித்து நிற்கும் ஊக்கைக் கழற்றுவார். ஸ்டுடியோ லைட்டிலிருந்து கேமராவுக்குப் போகும் ஒரு ஒயர் உண்டு. சிங்க் ஒயர் என்போம். கேமராவின் கண் திறக்கிற அதே நொடியில் லைட்டும் வெட்டுவதற்கான ஒயர். அதன் நுனியில் நடுவே ஒரு முள், சுற்றிலும் ஒரு வளையம். ஊக்கின் முனையால் முள்ளையும் வளையத்தையும் ஒருசேரத் தொடுவார். அறை பளீரென்று வெளுத்துத் திரும்பும். சுவரில் தொங்கும் தாமரைக் குளத் திரை, குழந்தைகளை உட்கார வைக்கும் மர யானை, முகம் பார்த்துச் சீவிக்கொள்ள வைத்திருந்த கண்ணாடி, அதில் தெரிகிற அண்ணியின் பாதி முகம், எல்லாம் ஒரு கணம் பகலாகி அடங்கும். லைட் உயிரோடு இருக்கிறது என்று தெரிந்துகொள்ள எங்களுக்கு இருந்த வழி அதுதான். சில நாள் விரல் தவறி உலோகத்தில் பட்டுவிடும். சுருக்கென்று கடிக்கும். அண்ணி கையை உதறிக்கொண்டு சிரிப்பார். "கடிச்சிடுச்சு தம்பி. இன்னைக்கு ஜோடிங்க ஜாஸ்தி வரும் பாரு."

வந்தார்கள். கடித்த நாட்களில் எல்லாம் வந்தார்கள் என்றே எங்களுக்கு நினைவு. கடிக்காத நாட்களிலும் வந்திருப்பார்கள், அதை யார் கவனித்தார்கள். கடிப்பதே கடையின் நல்ல சகுனமாகிவிட்டது. இரண்டு நாள் தொடர்ந்து கடிக்கவில்லை என்றால் அண்ணி என்னைக் கூப்பிட்டு, "நீ தொட்டுப் பாரு, உன்னையாவது மதிக்குதான்னு பாப்போம்" என்பார். அந்தக் கடி உண்மையில் என்ன என்பதை ஒருவர் எனக்கு விளக்கிச் சொன்னார். அண்ணியிடம் சொல்லிவிடு என்றும் சொன்னார். நான் சொல்லவில்லை. இத்தனை வருடமாக எத்தனையோ எழுதிவிட்டேன், மழையைப் பற்றி, மலையைப் பற்றி, மலைமேல் மழை இறங்குவதைப் பற்றி. இதை எழுதவில்லை.

தேரடித் தெருவில் ஒரு பாத்திரக் கடைக்கு மேலே, செங்குத்தான படியேறி வந்தால் எங்கள் ஸ்டுடியோ. அண்ணன் தொடங்கியது. லைட்டுகள் இரண்டும் சென்னையில் யாரோ மூடிவிட்ட ஸ்டுடியோவிலிருந்து அண்ணன் வாங்கிவந்தவை. இரும்புப் பெட்டி மாதிரி கனம். குடையை மாட்டி நிறுத்தினால் இரண்டு பெரிய மனிதர்கள் வெயிலுக்கு ஒதுங்கி நிற்பது போலிருக்கும். அண்ணனைக் காமாலை மூன்றே வாரத்தில் கொண்டுபோனபோது அண்ணிக்கு முப்பதுகூட ஆகவில்லை. மகள் பாப்பாவுக்கு ஐந்து வயது. நான் கல்லூரியை முடித்துவிட்டு, சிறுபத்திரிகைகளுக்குக் கவிதை அனுப்பிக்கொண்டு, எந்த வேலையிலும் ஆறு மாதம் சேர்ந்தாற்போல நிற்காதவனாக இருந்தேன். கடையைக் கைமாற்றிவிடலாம் என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டிருந்தபோதே, காரியம் முடிந்த மறுவாரம் அண்ணி படியேறிப் போய் ஷட்டரைத் தூக்கினார். "எனக்கு வேற இன்னா தெரியும்? லைட்டை எங்க வைக்கணும்னு தெரியும். அது போதும்" என்றார். போதுமாகத்தான் இருந்தது. அண்ணனுக்குப் பக்கத்தில், வெளிச்சத்தை முகத்துக்குத் திருப்பும் வெள்ளை அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்ற வருடங்களில் அண்ணனைவிட அதிகமாகவே அவர் பார்த்திருந்தார். ஒரு முகத்துக்கு எந்தப் பக்கம் நிழல் வேண்டும் என்பதை, அந்த முகம் படியேறி வந்து மூச்சு வாங்கி முடிப்பதற்குள் முடிவு செய்துவிடுவார்.

முகூர்த்த நாட்கள்தான் எங்களுக்குப் பிழைப்பு. கோயிலில் தாலி கட்டிக்கொண்டவர்கள் மாலையும் கழுத்துமாக நேரே ஸ்டுடியோவுக்கு வருவார்கள். கல்யாணத்தைப் பதிவு செய்ய ஒரு படம், வீட்டுச் சுவருக்கு ஒரு படம். படியில் வரிசை நிற்கும். மஞ்சளும் சாமந்தியும் வியர்வையும் கலந்த வாசனை அறையில் தங்கி, மறுநாள் வரைக்கும் போகாது. அண்ணி கேமராவுக்குப் பின்னால் நின்றுகொண்டு பேசிக்கொண்டே இருப்பார். "மாப்ள, பஸ்ஸுக்கா நிக்கிற? கொஞ்சம் கிட்ட வா, உம் பொண்டாட்டிதான்." "ஏம்மா அழுவுற? அம்மா வீடு போளூருதானே, லண்டனுக்கா கட்டிக் குடுத்துட்டாங்க?" அந்தப் பெண் அழுகைக்கு நடுவே சிரிக்கும் கணத்தில் லைட் வெட்டும். அந்தப் படங்கள் இன்றைக்கும் திருவண்ணாமலையைச் சுற்றிய வீடுகளின் சுவர்களில் இருக்கின்றன. அழுது முடித்து, சிரிக்கத் தொடங்கிய பெண்கள்.

புதுத் தாலி கட்டிய ஜோடிக்கு எதிரே யார் வருகிறார்கள் என்று பார்க்கிற ஊர் எங்கள் ஊர். அண்ணிக்கு அது தெரியும். அரக்கு நிறத்தில் சின்ன ஸ்டிக்கர் பொட்டு வைத்துக்கொள்வார். போட்டோக்காரர் வீட்டம்மா என்று வருகிறவர்கள் தாங்களாகவே நினைத்துக்கொள்வார்கள். அண்ணி மறைக்கவும் இல்லை, சொல்லவும் இல்லை. "கேமராவுக்குப் பின்னாடி எனக்கு மூஞ்சி கெடையாது தம்பி" என்று ஒருமுறை சொன்னார். வருத்தமாகச் சொல்லவில்லை. அந்த இடம் அவருக்குக் கிடைத்த விடுதலை போலச் சொன்னார்.

டிஜிட்டல் கேமரா வாங்கலாம் என்று நச்சரித்தவன் நான். ஃபிலிம் கழுவ வேலூருக்கும் சென்னைக்கும் அலைவது என் அமைதியின்மைக்கு ஒத்துவரவில்லை. அண்ணி மூன்று மாதம் யோசித்தார், பிறகு சரி என்றார். புதுக் கேமரா வந்த அன்று மொட்டை மாடிக்குப் போய் மலையை ஒரு படம் எடுத்தோம். அதற்கப்புறம்தான் மனுஷ முகம். பழைய கேமராவில் சிங்க் ஒயரைச் செருக ஒரு துளை இருந்தது. புதியதில் அது இல்லை. அதன் தலைமேல் ஒரு அடாப்டரைப் பொருத்தி அதில் ஒயரை மாட்ட வேண்டும். ஒயரின் நுனி ஆடிக்கொண்டிருந்ததால் முதலில் அதைப் பற்றவைத்துக் கொண்டுவருகிறேன் என்று, ஒரு லைட்டையும் ஒயரையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு பாயிடம் போனேன்.

பாய், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ரேடியோவும் எமர்ஜென்சி விளக்கும் பழுது பார்ப்பவர். அண்ணனுக்குப் பழக்கம். பற்றவைத்து முடித்து, லைட்டை ஆன் செய்து, மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒயர் நுனியில் வைத்தார். வைத்தவர் புருவத்தைத் தூக்கினார்.

"தம்பி, இத எதுல மாட்டப் போற?"

"புதுசா வாங்கியிருக்கோம் பாய், டிஜிட்டல்."

மீட்டரை என் பக்கம் திருப்பினார். முள் இருநூறைத் தாண்டி நின்றது. "கேமராதான் லைட்டுக்கு உத்தரவு அனுப்புதுன்னு நெனைச்சிகினு இருக்கீங்க. அது சும்மா சுவிச்சுப்பா. இந்த லைட்டு, அடிக்காம நிக்கிற நேரத்துலகூட, இத்தனை வோல்ட்டையும் கொண்டாந்து அந்த சுவிச்சு மேல வச்சிகினே இருக்குது. பழைய கேமராவுல சுவிச்சு தகடு, தாங்கிச்சு. இப்ப வர்றதுல எலக்ட்ரானிக்கு. அஞ்சாறு வோல்ட்டுக்குச் செஞ்சது. இன்னைக்குத் தாங்கும், நாளைக்குத் தாங்கும், ஒரு நாளைக்குச் சத்தமே இல்லாம போயிடும். உங்க அண்ணியைக் கடிக்குதுன்னு சிரிச்சிகினே சொல்லுவியே, அது இதான்."

என்ன செய்யலாம் என்று கேட்டேன். நடுவில் மாட்ட ஒரு சின்ன டப்பா கிடைக்கும், அது கேமராப் பக்கம் போகிற வோல்டேஜைக் கம்மி செய்துவிடும், சென்னையில் விசாரி என்றார். "அது கெடைக்கற வரைக்கும் ஒயரே வாணாம். லைட்டோட முதுகுல ஒரு கண்ணு இருக்குது பாரு. வேற ஃப்ளாஷ் அடிச்சா, அத்த பாத்துட்டு இதுவும் அடிக்கும். கேமராவுல இருக்கற குட்டி ஃப்ளாஷைத் தூக்கி விட்டா போதும். மறக்காம அண்ணிகிட்ட சொல்லிடு."

"சொல்லிடறேன் பாய்" என்றேன்.

பொய் சொல்லவேண்டும் என்று நினைத்துச் சொல்லவில்லை. ஆட்டோ தேரடி வருவதற்குள் எனக்குள் வேறொரு குரல் பேசத் தொடங்கிவிட்டது. நச்சரித்து வாங்க வைத்தவன் நான். வாங்கிய மூன்றாம் நாள், இந்த லைட்டில் இதை மாட்டக்கூடாதாம் அண்ணி என்று எப்படிப் போய் நிற்பது. வாங்குவதற்கு முன்பே விசாரிக்கமாட்டியா என்று அவர் கேட்கப்போவதில்லை. கேட்காமல் ஒரு பார்வை பார்ப்பார். அந்தப் பார்வைக்குத்தான் பயந்தேன். முதலில் நானே சரிசெய்து பார்த்துவிட்டு அப்புறம் சொல்லலாம் என்று முடிவு செய்தேன்.

அண்ணி சாப்பிட வீட்டுக்குப் போயிருந்த மதியத்தில், ஒயர் இல்லாமல், பாய் சொன்னபடி செய்து பார்த்தேன். கேமராவின் குட்டி ஃப்ளாஷ் அடித்தது. லைட்டுகள் இரண்டும் அடித்தன. என் கண்ணால் பார்த்தேன். ஆனால் படம் மங்கிக் கிடந்தது, லைட் அடித்த சுவடே இல்லை. பத்து முறை எடுத்தேன், பத்தும் அப்படித்தான். பாய்க்கு ரேடியோ தெரியும், கேமரா தெரியாது என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். அந்தக் குட்டி ஃப்ளாஷ் படத்துக்கு முன்னால், வெளிச்சத்தை அளப்பதற்காக ஒருமுறை மெல்லச் சிமிட்டும், லைட்டின் கண் அந்தச் சிமிட்டலையே பார்த்து அவசரப்பட்டு வெட்டிவிடும், உண்மையான படம் எடுக்கிற நொடியில் அது வெறுமையாக நிற்கும் என்பதெல்லாம் வெகுநாள் கழித்துத்தான் படித்தேன். முன்சிமிட்டல் இல்லாமல் அடிக்கும்படி அமைப்பை மாற்றியிருந்தால் போதும். கேமராவோடு வந்த கையேட்டில் இருந்தது. நான் வாசிக்காமல் விட்ட புத்தகங்களில் எனக்கு இன்றுவரை வலிக்கிற புத்தகம் அதுதான்.

அண்ணி திரும்பி வந்தபோது ஒயர் மாட்டியிருந்தது. "பாய் இன்னா சொன்னாரு?" என்று கேட்டார். "பத்தவச்சுக் குடுத்துட்டாரு அண்ணி" என்றேன். அதுவும் பொய்யில்லை.

தாங்கியது. ஒரு மாதம், ஒன்றரை மாதம். ஒவ்வொரு முறை அவர் பட்டனை அழுத்தும்போதும் முதல் சில நாள் திரை அணைந்துவிடுமோ என்று பார்த்துக்கொண்டு நிற்பேன். பிறகு அதுவும் பழகிப்போனது. அண்ணி கேமராவை விரும்பத் தொடங்கியிருந்தார். எடுத்த படத்தை உடனே ஜோடிக்குத் திருப்பிக் காட்டுவார், அவர்கள் தலைகள் முட்டிக்கொள்ள எட்டிப் பார்ப்பார்கள். "பாரு, உங்க ரெண்டு பேரையும் நானே சேத்து வச்சிட்டேன்" என்பார். டப்பாவை விசாரிக்கச் சென்னைக்குப் போகவேண்டும் என்று நினைத்தேன். போனபோது கவிதைக் கூட்டத்துக்குப் போனேன்.

அது ஒரு வளர்பிறை முகூர்த்தம். காலையில் அண்ணியை ஒயர் கடித்திருந்தது. நல்ல நாள் என்று சிரித்தார். மூன்றாவது ஜோடி கீழ்பென்னாத்தூர் பக்கம். மாப்பிள்ளையின் தாயாரும் அத்தையும் கூடவே வந்திருந்தார்கள். பெண்ணுக்கு மாலை பெரிது, முகவாய் வரைக்கும் பூ. அண்ணி போய் மாலையைக் கொஞ்சம் தளர்த்திவிட்டு வந்தார். "சாமி ஊர்வலம் மாதிரி மூடிக்கினா மாப்ள எப்படிப் பாக்கறது?" எல்லோரும் சிரித்தார்கள். அத்தையும் சிரித்தாள். அண்ணி அழுத்தினார். லைட் வெட்டவில்லை. மறுபடி அழுத்தினார். கேமராவின் திரையில் ஏதோ எழுத்துகள் வந்தன, பிறகு அவையும் போயின. அணைத்துப் போட்டார், பேட்டரியைக் கழற்றி மாட்டினார். கறுப்பாகவே இருந்தது.

ஜோடி அசையாமல் நின்றுகொண்டிருந்தது. அசையக்கூடாது என்று அண்ணி சொல்லியிருந்தார்.

"இன்னாம்மா, நின்னு போச்சா?" என்றாள் அத்தை. கேட்டுக்கொண்டே அவள் பார்வை கேமராவிலிருந்து அண்ணியின் கழுத்துக்குப் போனது. கழுத்திலிருந்து கீழே. செருப்பைப் படியிலேயே விட்டுவிட்டு வருகிற இடம் அது. மெட்டி இல்லாத கால் விரல்களை அவள் பார்ப்பதை நான் பார்த்தேன்.

"வூட்டுக்காரரு இல்லீங்களா?"

"இல்லீங்க."

"ஊருக்குப் போயிருக்காரா?"

அண்ணி கேமராவை மேசைமேல் வைத்தார். "இல்லீங்க. அவரு இல்ல."

அத்தை மாப்பிள்ளையின் தாயார் பக்கம் சாய்ந்து, மெதுவாகத்தான் சொன்னாள். சின்ன அறை, எல்லோருக்கும் கேட்டது. "தாலி ஏறி ஒரு மணி நேரம் ஆவல. மெஷினே நின்னுடுச்சு பாரு." யாரும் சண்டை போடவில்லை. சத்தம்கூட எழவில்லை. செருப்புகளைத் தேடிப் போட்டுக்கொண்டு வரிசையாக இறங்கினார்கள். படியில் காத்திருந்தவர்களிடம் ஏதோ சொன்னார்கள், அவர்களும் இறங்கினார்கள்.

அண்ணி என்னைப் பார்த்தார். "ஏன் தம்பி நின்னு போச்சு?"

என் வாயில் பதில் இருந்தது. முழுசாக இருந்தது. மீட்டரின் முள், பாயின் புருவம், இருநூறு, ஐந்தாறு, சுவிட்ச், எல்லாம். படியில் இன்னும் காலடிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. ஓடிப்போய்க் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, அம்மா நில்லுங்க, கரண்ட் கோளாறு, தப்பு என்னுடையது, இவங்களுடையது இல்லை என்று சொல்லியிருக்கலாம். பத்துப் படி.

"தெரியல அண்ணி" என்றேன்.

சென்னையில் கொடுத்துப் பார்த்தபோது உள்ளே போர்டு கருகியிருக்கிறது என்றார்கள். ஏன் என்று அண்ணி கேட்டார். ஹீட்டாக இருக்கும் என்றேன். அவர் தன் வலது உள்ளங்கையைத் திருப்பி ஒருமுறை பார்த்துக்கொண்டார், ஏதோ ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பது மாதிரி. அடுத்த முகூர்த்தத்தில் கீழே பூ விற்கிற அம்மாவே படியேற வந்தவர்களுக்கு வேறு ஸ்டுடியோவைக் கைகாட்டினாள். ஏறி வந்தவர்களும் வாசலிலேயே நின்று கேட்டார்கள், "எடுக்கறது யாருங்க, தம்பியா, அந்தம்மாவா?" அண்ணி முதலில் நகர்ந்து நின்றார். பிறகு கல்லாவுக்குப் போனார். பிறகு முகூர்த்த நாளில் மாடிக்கே வருவதில்லை. ஒருநாள் காலையில் ஊக்கைக் கழற்றியவர், ஒயரிடம் போகாமல் அதை என் பக்கம் நீட்டினார். "நீ தொடு தம்பி. நான் தொட வாணாம்."

அதன்பின் நான் செய்ததுதான் எனக்கு இன்னும் மன்னிக்க முடியாதது. வேறொரு கேமரா வாங்கியபோது, ஒயரையே தூக்கிப்போட்டுவிட்டு, கம்பியில்லாமல் வேலை செய்கிற ட்ரிகர் ஒன்றும் வாங்கிவந்தேன். ஒன்றைக் கேமரா தலையில் மாட்டவேண்டும், மற்றதை லைட்டில். இரண்டுக்கும் நடுவே காற்று மட்டும். லைட்டின் வோல்டேஜ் கேமராவை எட்டவே எட்டாது. அதாவது காரணத்தைச் சரியாகத் தெரிந்துகொண்டு, அந்தக் காரணத்தைச் சத்தமில்லாமல் சரிசெய்து, பழியை மட்டும் அண்ணியின் கையிலேயே விட்டுவிட்டேன். "ஒயர் எங்க?" என்று கேட்டார். "இப்ப எல்லாம் இதான் அண்ணி" என்றேன். நான் எடுத்த காலத்தில் கேமரா ஒருநாளும் நிற்கவில்லை. அதை ஊர் பார்த்தது. அண்ணியும் பார்த்தார். என் கை நல்ல கை என்றானது. இரண்டு வருடத்தில் எனக்குச் சென்னையில் வேலை கிடைத்துக் கிளம்பினேன். கடை மூடப்பட்டது.

அண்ணி வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீசுக்குக் கொஞ்சம் தள்ளி, ஜெராக்ஸ் கடை வைத்தார். பாஸ்போர்ட் சைஸ் படமும் எடுப்பார். தனி ஆட்களை மட்டும். மனு கொடுக்க வந்தவர்கள், பென்ஷன்காரர்கள், பரீட்சைக்கு விண்ணப்பிக்கிற பிள்ளைகள். கணவன் மனைவி சேர்ந்து படம் வேண்டும் என்று யாராவது வந்தால், "அது இங்க இல்லீங்க, எதிர்க்கடையில எடுத்துக்குங்க" என்பார். ஒருமுறை நான் உட்கார்ந்திருந்தபோதே சொன்னார். டீயைக் குடித்துக்கொண்டிருந்தேன். குடித்து முடித்தேன்.

பாப்பாவின் கல்யாணத்துக்கு ஊரெல்லாம் வந்தது. கன்னிகாதானம் செய்து கொடுத்தது நானும் என் மனைவியும். அண்ணி தாலி கட்டும் நேரத்தில் பந்தி நடக்கும் கூடத்தில் இலை போடுவதை மேற்பார்த்துக்கொண்டிருந்தார். கெட்டிமேளம் கேட்டு எல்லாத் தலைகளும் மேடைப் பக்கம் திரும்பியபோது, அவர் தண்ணீர் டம்ளர்களை நேராக அடுக்கிக்கொண்டிருந்ததை மேடையிலிருந்தே பார்த்தேன். போட்டோக்காரப் பையன்கள் "பொண்ணோட அம்மா, வாங்கம்மா" என்று மூன்று முறை அழைத்தார்கள். "அப்புறம்பா, அப்புறம்" என்றார். அவர்கள் லைட்டில் ட்ரிகரின் சின்னச் சிவப்புப் புள்ளி விட்டுவிட்டு எரிந்தது. ஆல்பம் வந்தபோது புரட்டினேன். முந்நூறு பேருக்கு மேல் இருக்கிறார்கள். ஊரில் பாதிக் கல்யாணத்தைப் படம் எடுத்தவர், தன் மகளின் கல்யாணத்தில் ஒரு படத்தில்கூட இல்லை. அன்றைக்கும் நான் சொல்லவில்லை. நல்ல நாளில் எதற்கு என்று நினைத்தேன். நல்ல நாளில்தான் சொல்லியிருக்கவேண்டும்.

போன மாதம் அண்ணி போன் செய்தார். "பாப்பாவுக்கு ஏழு மாசம். வளைகாப்பு வச்சிருக்கோம், அடி அண்ணாமலையில, அவங்க வூட்லயே. உம் பொண்டாட்டியக் காலையிலயே கூட்டிகினு வந்துடு. மொத வளையல் அவதான் போடணும்." ரொம்ப இயல்பாகச் சொன்னார். இரவல் கேட்பது போலக்கூட இல்லை. போனை வைத்த பிறகு என்னால் உட்கார முடியவில்லை. ஒரு நாள் முன்னதாகவே கிளம்பி, மனைவியை லாட்ஜில் விட்டுவிட்டு, மதியம் வேங்கிக்காலுக்குப் போனேன்.

கடையில் கூட்டம் இல்லை. நாற்காலியைத் தள்ளிப்போட்டார். உட்காராமலே சொன்னேன். எப்படித் தொடங்குவது என்று பஸ்ஸில் நாலைந்து வாக்கியம் யோசித்து வைத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. மீட்டரில் முள் இருநூறைத் தாண்டியதிலிருந்து தொடங்கினேன். ஜெராக்ஸ் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஒரே தாள் திரும்பத் திரும்ப வந்து விழுந்துகொண்டிருந்தது. அண்ணி அதை நிறுத்தவில்லை.

முடித்ததும் ஒன்றுதான் கேட்டார். "பாப்பா கல்யாணத்தப்ப உனக்கு இது தெரியுமா?"

"தெரியும் அண்ணி."

தாள்களை எடுத்துத் தட்டி அடுக்கினார். ஓரங்கள் சேரவில்லை. மறுபடி தட்டினார். "பாய் நல்ல மனுசன்" என்றார். பாய் இறந்து பல வருடம் ஆகிறது. "ஒரு வார்த்தை எங்கிட்டயே நேரா சொல்லியிருக்கலாம். நீ சொல்லுவேன்னு நம்பிட்டாரு." பிறகு, "நாளைக்கு நேரத்தோட வந்துடு" என்றார். என்னைத் திட்டியிருந்தால் அந்தக் கடையை விட்டு நான் வேறு மாதிரி இறங்கியிருப்பேன்.

அண்ணி அன்று மாலையே மகளிடம் சொல்லியிருக்கிறார். மறுநாள் அடி அண்ணாமலையில், பந்தலுக்குள் நுழைந்ததும் பாப்பா என்னைப் பார்த்தாள். பட்டுப்புடவை, கன்னத்தில் இன்னும் சந்தனம் பூசப்படவில்லை. மனையில் உட்கார்ந்தவள், சுற்றி நாற்பது பெண்கள் இருக்க, குரலை உயர்த்தாமல் சொன்னாள். "சித்தப்பா, அம்மாகிட்ட நேத்து சொன்னதை இங்க சொல்லுங்க. எல்லாருக்கும் கேக்கற மாதிரி."

நாற்பது பெண்களுக்கு நடுவில், வளையல் தட்டுகளுக்கும் பழத் தட்டுகளுக்கும் நடுவில் நின்று, பழைய ஃப்ளாஷைப் புதுக் கேமராவில் ஏன் நேராக மாட்டக்கூடாது என்று சொன்னேன். கேட்டால் சிரிப்பு வரும். சிலர் சிரிக்கவும் செய்தார்கள். "கேமராவுக்கு ஷாக் அடிச்சிதாம்டி" என்று ஒருத்தி பக்கத்தில் இருந்தவளுக்கு மொழிபெயர்த்தாள். தெரிந்தே மாட்டினேன், தெரிந்தே மறைத்தேன், நின்றுபோனது மெஷின், அண்ணியின் கை அல்ல என்று சொன்னபோது யாரும் சிரிக்கவில்லை. பாப்பாவின் மாமியார்தான் முதலில் பேசினார். "இதுக்கா இத்தினி வருசம்? எங்க வூட்ல யாரும் அதெல்லாம் பாக்கறதில்ல. கல்யாணத்தப்ப நான்தான் சம்பந்திக்கு மேடைக்கு வர இஷ்டமில்ல போலன்னு இருந்தேன். வாங்க சம்பந்தி. மொத வளையல் நீங்களே போடுங்க."

தடுக்க அங்கே ஒருவரும் இல்லை. வழிவிட்டார்கள். என் மனைவியே தட்டை எடுத்து அண்ணியிடம் நீட்டினாள். பாப்பா கையை நீட்டி வைத்துக்கொண்டு, "போடும்மா" என்றாள். அண்ணி இரண்டு பச்சை வளையல்களை எடுத்தார். அந்தக் கை பாதி தூரம் போயிற்று. பிறகு நின்றது. வளையல்கள் ஒன்றோடொன்று மெல்ல இடித்துக்கொள்வது எல்லோருக்கும் கேட்டது. பாப்பா தன் கையை இன்னும் கொஞ்சம் முன்னால் நீட்டினாள். அண்ணி அந்தக் கையைப் பார்த்தார், சிரிக்க முயன்றார், வளையல்களை என் மனைவியின் உள்ளங்கையில் வைத்து மூடினார். "நீ போடும்மா. நேரம் போவுது."

பந்தியில் அண்ணிதான் பரிமாறினார். எனக்கு எலுமிச்சை சாதம் வைக்கக் குனிந்தபோது, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார். "நீ சொன்னது புரிஞ்சிது தம்பி. பாய் சொன்னது, வோல்ட்டேஜு, எல்லாம் புரிஞ்சிது. கைதான் வரல."

அடுத்த இலைக்குப் போனார்.